டர்பன் கரையில் உயிர் மடவை: வாங்குவதும் சாகாமல் வைத்திருப்பதும்

தெற்கே சாளைக் கூட்டம் கிளம்பிவிட்டது என்று பேச்சு வந்தால் போதும், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கராஜ் மூலையில் கிடந்த வாளிகள் வெளியே வந்துவிடும். சாளைக்குப் பின்னாலேயே காரிக் என்ற வேட்டை மீன் வரும். மே, ஜூனில் தொடங்கி அக்டோபர் வரைக்கும் அதற்காகக் கரையில் நிற்பவர்கள் ஏராளம். காரிக்குக்கு உயிருள்ள மடவையை மிஞ்சிய இரை கிடையாது. கத்தாழை இனத்துப் பெரிய காப் மீனும் இரவில் அதையேதான் தேடும்.

இந்த மாதங்களில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தக் காற்றுப் பம்பு நல்லது? பம்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். வாளியில் செத்து மிதக்கும் மடவைகளில் பாதிக்கு மேல் காற்று போதாமல் செத்தவை இல்லை. வலையிலிருந்து வாளிக்குப் போன அந்த முதல் ஐந்து நிமிடத்தில் அடிபட்டவை அவை. சாவு மட்டும் நாலைந்து மணி நேரம் கழித்து வருகிறது. பழி பம்பின் மேல் விழுகிறது.

எந்த மீன்

முதலிடம் மடவைக்குத்தான். கடலுக்கும் கழிமுகத்துக்கும் போய்வந்து பழகிய மீன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும், வட்டமான வாளியில் அடங்கி நிற்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம் போதுமானது. அதைவிடப் பெரியது தூண்டில் முள்ளில் நன்றாக நீந்தும், ஆனால் 25 லிட்டர் வாளியில் இரண்டுதான் வைக்க முடியும்.

மாஸ்பேங்கர் என்ற பாரை இனத்து மீனும் கானாங்கெளுத்தியும் அருமையான இரை. குறிப்பாகக் கயாக்கில் போய் வஞ்சிரம் பிடிப்பவர்களுக்கு. ஆனால் இவை நில்லாமல் நீந்தி, செவுளுக்குள் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டிய மீன்கள். நிற்க வைத்தால் மூச்சுத் திணறும். ஆறு மடவை இருக்கிற இடத்தில் மாஸ்பேங்கர் இரண்டு, கானாங்கெளுத்தி ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாளி இவற்றுக்கு ஆகாது. வட்டத் தொட்டி வேண்டும். பிங்கி, கரன்டீன் என்ற சிறு மீன்கள் இரண்டும் பாறை ஓரத்தில் சின்னத் தூண்டிலில் சுலபமாகக் கிடைக்கும், கெட்டி உயிர். காரிக் இவற்றையும் எடுக்கும், ஆனால் பக்கத்தில் மடவை நீந்தினால் இவற்றைத் திரும்பிப் பார்க்காது. சாளையை உயிரோடு வைக்க முயல வேண்டாம். கை பட்டாலே செதில் கொட்டிவிடும். அது செத்த இரையாகத்தான் நல்லது.

ஷாட் என்ற கூர்ப்பல் மீனை உயிர் இரையாகப் போடுவதில் பலருக்குக் குழப்பம். சட்டம் தெளிவாக இருக்கிறது: குறைந்தது 30 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு 4, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தொடக்கூடாது. இரையாகப் போட்டாலும் அந்த நாலில் ஒன்றாகத்தான் எண்ணப்படும். 22 சென்டிமீட்டர் குட்டி ஷாட்டை முள்ளில் மாட்டி, 'இரைக்குத்தானே' என்றால் அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார். காரிக்குக்கு 70 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு 2. புரட்டாசியில் வீட்டில் மீன் வேகாது என்பதால் நம்மில் பலர் செப்டம்பர் பாதியிலேயே தூண்டிலைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். காரிக் அப்போதும் கரையோரம் திரிந்துகொண்டுதான் இருக்கும். பிடித்துத் திரும்பக் கடலிலேயே விடுகிறவர்களுக்கு இடம் காலியாகக் கிடைக்கிற நேரம் அது.

வாங்குவது

தூண்டில் கடைகளின் உறைபெட்டியில் சாளை, கணவாய், மடவை எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும், உயிரோடு இருக்காது. பொழுதுபோக்கு அனுமதியில் மீன் பிடிக்கிறவர் தன் மீனை விற்கக்கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். வீச்சு வலையோடு நிற்கிற தம்பியிடம் காசு கொடுத்து மடவை வாங்கினால் மாட்டிக்கொள்வது அவர். நட்புக்குக் கொடுத்தால் அது வேறு. வலை வீசவும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். தூண்டில் அனுமதி வலைக்குச் செல்லாது.

முறையாக வாங்க இருக்கிற நல்ல வழி கரைவலைக்காரர்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் வந்த நம் ஆட்களின் வாரிசுகள் டர்பன் கரையில் தலைமுறையாகச் செய்துவந்த தொழில் இது. இன்று உரிமம் உள்ள வலைகள் சிலவே மிச்சம். அவர்கள் விற்பதற்கென்றே பிடிக்கிறார்கள். சாளை ஓட்டத்தில் கூடை கூடையாகக் கரையிலேயே விலை பேசி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வலையில் மடவையும் மாஸ்பேங்கரும் சேர்ந்து வரும்.

ஆனால் வலை மணலில் ஏறிய பிறகு போய் நிற்காதீர்கள். குவியலுக்கு அடியிலிருந்து எடுத்த மீன் துள்ளும், கண் பளிச்சென்று இருக்கும், அரை நாள் தாங்காது. ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி, மணலில் உரசி, செதிலும் மேல் கொழகொழப்பும் போயிருக்கும். வலையின் மடி இன்னும் முழங்கால் தண்ணீரில் இருக்கும்போதே, வலைக்காரர் தலைவரிடம் "அண்ணா, ஓரத்திலிருந்து எட்டு மடவை எடுத்துக்கலாமா" என்று கேட்டு, வாளியையே தண்ணீருக்குள் சாய்த்து, மீனைத் தண்ணீரோடு முகந்துகொள்ள வேண்டும். வேலை மும்முரத்தில் இருக்கிறவர்களிடம் இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது மரியாதை. அந்த நேரத்தில் கயிற்றுக்குக் குறுக்கே போய் நிற்பது மரியாதையும் இல்லை, காலுக்கும் நல்லதில்லை.

யாரிடம் வாங்கினாலும் மீனைக் கையில் எடுக்காமல் தண்ணீரிலேயே பாருங்கள். நல்ல மடவை அடியில் கூட்டமாக, ஒரே திசையில் தலை வைத்து நிற்கும். வாளியை விரலால் தட்டினால் சட்டென்று சிதறி மறுபடி சேரும். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுக்குத் திண்டாடுவது. அது காற்று கொடுத்தால் தேறிவிடும். தேறாதவை வேறு: மூக்கு நுனி சிவந்தது, துடுப்பின் அடியில் ரத்தச் சிவப்பு ஓடியது, முதுகில் காசு அளவுக்குச் செதில் இல்லாமல் மங்கலாகத் தெரிவது, தனியாக ஒதுங்கித் தலை கீழாகவோ வால் கீழாகவோ தொங்குவது. விரலால் வாலைத் தொட்டுப் பாருங்கள். தொடவிடுகிற மீனை வாங்காதீர்கள்.

அந்த ஐந்து நிமிடம்

நீங்களே வீச்சு வலையில் பிடிக்கிறீர்கள் என்றால் கண்ணியின் அளவை முதலில் கவனியுங்கள். முடிச்சுக்கு முடிச்சு 10 முதல் 12 மில்லிமீட்டர் இருந்தால் 15 சென்டிமீட்டர் மடவையின் தலை கண்ணியில் நுழையாது. மீன் வலைக்குள் சுற்றிக்கொண்டு இருக்கும். 16, 18 என்று போனால் செவுள்வரை நுழைந்து மாட்டும். செவுளில் மாட்டிய மீனைப் பிய்த்தெடுத்தால் செவுள் மூடி கிழியும். அது இரவுவரை உயிரோடு இருந்தாலும் முள்ளில் பத்து நிமிடம் நீந்தாது.

வலையை இழுத்து உலர்ந்த மணலில் கொட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் போகிறது எல்லாம். சூடான மணல் ஒட்டிக்கொள்கிறது, மீன் துடிக்கத் துடிக்க மணல் உப்புத்தாள் மாதிரி செதிலைத் தேய்க்கிறது, செவுளுக்குள்ளும் நுழைகிறது. இதற்குப் பதில், வாளியைப் பாதி நிரப்பித் தண்ணீர் விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, வலையின் ஈயக் கயிற்றை வாளிக்கு மேல் தூக்கி, மீன் நேராகத் தண்ணீரில் விழும்படி உதறுங்கள். விழாத இரண்டொன்றை எடுக்கக் கையை முதலில் நனைக்கவும். உலர்ந்த கை, துணி, முரட்டு நூல் கைவலை மூன்றுமே கொழகொழப்பை எடுத்துவிடும். முடிச்சில்லாத மென்மையான வலை கட்டிய கைவலை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெயில் கிரீம் பூசியிருந்தால் மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

செதில் போனால் ஏன் சாகிறது? கடல் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுற்றியிருக்கும் கடல் எப்போதும் மீனின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. தோலும் செதிலும் கொழகொழப்பும்தான் தடுப்பு. தடுப்பில் ஓட்டை விழுந்தால் மீன் கடலுக்குள்ளேயே வறண்டு சாகிறது. இது மெதுவாக நடப்பதால்தான் சாயங்காலம் துள்ளிய மீன் விடியலில் கிடக்கிறது.

மடவைக்கு மட்டும் இதற்கு ஒரு கைமருந்து உண்டு. இரண்டு பங்கு கடல்நீரோடு ஒரு பங்கு நல்ல தண்ணீர் கலந்து வைத்தால் அந்த இழுப்பு குறைகிறது. கழிமுகத்தில் அது பார்க்காத உப்பளவு இல்லை இது. ஆனால் ஒரேயடியாக ஊற்றாமல் அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாஸ்பேங்கர், கானாங்கெளுத்திக்கு இதைச் செய்யாதீர்கள், அவை திறந்த கடல் மீன்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நேராக ஊற்றினால் செவுள் வெந்துவிடும். ஒரு நாள் காற்று ஓடவிட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு சோடியம் தயோசல்ஃபேட் உப்பு: 14 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு அதில் 10 மில்லி விட்டால் போதும்.

வாளி, காற்று, தண்ணீர்

வாளி வட்டமாக இருக்கட்டும். சதுரக் கூல்பாக்ஸில் மடவை மூலையில் போய் முட்டிக்கொண்டே இருக்கும்; மூக்கு புண்ணாகும். 25 லிட்டர் பெயின்ட் வாளிதான் எல்லோரிடமும் இருக்கிறது. பெயின்ட் வாசனை துளியும் இருக்கக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவாமல் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். மூடி கட்டாயம். மடவை குதிக்கும், வெளிச்சம் பார்த்தால் இன்னும் குதிக்கும். மூடியில் காற்றுக் குழாய் நுழைய ஒரு துளை, கூடவே விரல் நுழையாத அளவில் பத்துப் பன்னிரண்டு துளை.

மணலில் நடந்து தூக்க வேண்டும் என்றால் 15 லிட்டருக்கு மேல் நிரப்ப முடியாது. அது 15 கிலோ. அதில் 15 சென்டிமீட்டர் மடவை மூன்று, கூடினால் நாலு. காரில் நிற்கிற 25 லிட்டர் நிறைந்த வாளியில் ஐந்து, ஆறு. காற்று ஓடுகிறதே என்று பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டும் போகும், ஆறு பிழைக்காது. ஒன்று செத்தால் உடனே எடுங்கள்.

காற்று விஷயத்தில் ஒரு கணக்கு. 20 டிகிரியில் கடல்நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 25 டிகிரியில் 6.8தான். அதே நேரத்தில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது. கார் டிக்கியில் வெயிலில் நிற்கிற வாளிக்கு எந்தப் பம்பும் ஈடு கொடுக்காததற்குக் காரணம் இதுதான். ஆகஸ்டில் டர்பன் கடல் 20, 21 டிகிரி இருக்கும். பிப்ரவரியில் 26ஐத் தொடும். கோடையில் உயிர் இரை வைப்பது வேறு விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்விக்க அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து, மூடியோடு வாளியில் மிதக்கவிடுங்கள். ஐஸ் கட்டியை அப்படியே போட்டால் நல்ல தண்ணீரும் குளோரினும் சேர்ந்து இறங்கும். வேகமாகவும் குளிர்விக்காதீர்கள். மணிக்கு இரண்டு, மூன்று டிகிரி போதும். ஈரச் சாக்கை வாளியைச் சுற்றிக் கட்டினால் கடற்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

பம்பு என்று பார்த்தால், டி சைஸ் பேட்டரி போடுகிற சாதாரணக் காற்றுப் பம்பே மூன்று நாலு மடவைக்கு எதேஷ்டம். ஆல்கலைன் பேட்டரி போடுங்கள், ஒரு செட் உபரியாக எடுத்துப் போங்கள். குழாய் நுனியில் மாட்டுகிற நுண்துளைக் காற்றுக் கல் வாளியின் அடியில் கிடக்க வேண்டும். குமிழி மேலே போகும்போது அடித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகிறது. ஆக்சிஜன் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் கரைகிறது. கல் பாதியில் தொங்கினால் கீழே உள்ள தண்ணீர் அப்படியே நிற்கும், மடவை நிற்பதோ கீழே. உப்பு படிந்த கல்லில் காற்று ஒரே பக்கம் பெரிய குமிழியாக வெளியேறும். அது வந்தால் கல்லை மாற்ற வேண்டும், பம்பை இல்லை.

காற்று எவ்வளவு ஓடினாலும் போகாதது அம்மோனியா. மீன் அதைச் செவுள் வழியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. கடல்நீரின் காரத்தன்மையில் அது கூடுதல் விஷம்: 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் சுமார் 20ல் ஒரு பங்கு விஷ வடிவத்தில் இருக்கும், பிஎச் (அமில-கார அளவு) 7 உள்ள நல்ல தண்ணீரில் அது 200ல் ஒரு பங்குதான். மேலே வெள்ளை நுரை கட்டி, குமிழி உடையாமல் நின்றால் தண்ணீர் கெட்டுவிட்டது. நுரை வரும்வரை காத்திருக்காதீர்கள். 15 லிட்டரில் நாலு மீன் என்றால் அரை மணிக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிடித்த முதல் ஒரு மணி நேரம் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். பயந்த மீன் வயிற்றில் இருப்பதையெல்லாம் அப்போதுதான் கழிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூடிய பையிலோ டப்பாவிலோ மீன் வெகுநேரம் வந்திருந்தால், அது விட்ட கரியமில வாயு தண்ணீரின் பிஎச்சைக் குறைத்திருக்கும். அதனால் சேர்ந்திருந்த அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்து காற்று ஓட்டி, புதுக் கடல்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் பிஎச் குபீரென்று ஏறி அத்தனை அம்மோனியாவும் விஷமாக மாறும். 'பழக்கிவிட்டுத்தானே மாற்றினேன், எப்படிச் செத்தது' என்பதற்குப் பதில் இதுதான். பையை மூடியபடியே பதினைந்து நிமிடம் புதுத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்குங்கள். பிறகு பையைத் திறந்த உடனேயே மீனைக் கைவலையால் எடுத்துப் புதுத் தண்ணீரில் விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். அலை புரட்டுகிற கலங்கலில் எடுத்தால் மணல் செவுளில் அடைக்கும். மழைக்குப் பிறகு வடிகால் வாய்க்கால் பக்கம் எடுக்காதீர்கள். உம்கேனி முகத்தில் ப்ளூ லகூன் பக்கம் மடவை பிடிப்பது சுலபம். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து அந்த ஆற்றில் என்னென்ன ஓடியது என்று ஊருக்கே தெரியும், கடற்கரைகளையே மூடினார்கள். கழிவுநீர் கலந்த தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கும். மீனை அங்கே பிடித்தாலும் வாளித் தண்ணீரைக் கடல் பக்கம், கடல் ஏறி உள்ளே வரும் நேரத்தில் எடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

வீட்டில் ஒரு ராத்திரி

முந்தின நாளே மீன் கிடைத்துவிட்டால், 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதிக்கு மேல் அறுத்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அதில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 120 லிட்டர் கடல்நீரில் பத்து மடவை நிம்மதியாக இருக்கும். தீனி போடாதீர்கள், ஒரு நாள் பட்டினி கிடந்த மடவை தண்ணீரைக் கெடுக்காது, மறுநாள் முள்ளிலும் நன்றாக நிற்கும். இரவைத் தாண்டியவைதான் உண்மையில் உருப்படியான இரை, அடிபட்டவை தாமாகவே கழிந்திருக்கும். ஒன்றிரண்டு இரவுக்காக வடிகட்டி வைக்க வேண்டியதில்லை. ஸ்பாஞ்ச் வடிகட்டியில் நல்ல பாக்டீரியா குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மறுநாள் பாதித் தண்ணீர் மாற்றினால் முடிந்தது.

கராஜில் மீன் சாகும் காரணங்கள் வேறு ரகம். மின்வெட்டு முதல் எதிரி: ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் காலையில் மொத்தமும் மேலே மிதக்கும். கரண்ட் போனதும் தானாகவே பேட்டரிக்கு மாறுகிற காற்றுப் பம்பு தூண்டில் கடையிலும் வளர்ப்பு மீன் கடையிலும் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் மீன் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். கொசுவுக்கு அடிக்கிற ஸ்பிரே அடுத்தது. அதில் உள்ள பைரித்ராய்டு மனிதருக்குச் சாதாரணம், மீனுக்கு ஆலகாலம். காற்றுப் பம்பு அறையில் உள்ள காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. பக்கத்தில் பெட்ரோல், தின்னர், புகை எது இருந்தாலும் அது தண்ணீரில் போய்ச் சேரும். பம்பைச் சன்னலோரம் வைத்து நீளக் குழாய் விடுங்கள். பித்தளைக் குழாயும் செம்புக் கம்பியும் கடல்நீரில் கரைந்து மீனைக் கொல்லும். எல்லா இணைப்பும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

படகிலும் கயாக்கிலும்

படகில் தொட்டி வைக்கிறவர்கள் பெரும்பாலும் மணிக்கு 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் தள்ளுகிற 12 வோல்ட் பில்ஜ் பம்பு போடுகிறார்கள். 50 லிட்டர் தொட்டிக்கு இது அதிகம். தண்ணீர் சுழலாகிவிடும், மீன் நீந்திக் களைத்துவிடும். உள்வரும் குழாயைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக வைத்தால் மெல்ல வட்டமாக ஓடும். மீன் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும், அது போதும். வால்வு ஒன்று போட்டுக் குறையுங்கள். வழிந்தோடும் குழாய் உள்வரும் குழாயைப் போல இரண்டு மடங்கு தடிமன் வேண்டும், 20 மில்லிமீட்டர் உள்ளே என்றால் 40 வெளியே. வெளியேறும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மாஸ்பேங்கர் அதில் அடைத்துக்கொண்டு தொட்டி வழியும். பம்பு இரண்டு ஆம்பியர் இழுத்தால் 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது, பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியே வீணாகும். ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நிற்கிற டைமர் மலிவு.

சூரை போன்ற பெரிய இரைக்குத் தொட்டியே பயனில்லை. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கீழேயிருந்து கடல்நீர் பாயவிட்டு, மீனைத் தலைகீழாக இறக்க வேண்டும். ஓட்டம் நேராக வாயில் புகுந்து செவுள் வழியாக வெளியேறும். நீந்தாமலே மூச்சு விடும். ஒரு குழாய்க்கு ஒரு மீன்.

முள்ளில் மாட்டும்போது

இத்தனை பாடுபட்டு வைத்த மீனைக் கடைசி நிமிடத்தில் கொல்வது எறிதல். முதுகில் மாட்டி 60 மீட்டர் வீசினால் தண்ணீரில் அடிபடும்போதே மயங்கிவிடும், பல நேரம் முள்ளிலிருந்து கழன்று அது ஒரு பக்கம் பறக்கும். இங்கே கரையில் உள்ளவர்களின் சறுக்கு முறை அதற்காகவே இருக்கிறது. கம்பிக் கால் உள்ள ஈயத்தை மட்டும் முதலில் எறிந்து மணலில் நங்கூரமாகப் பதியவிடுவது. பிறகு ஒருவழிச் சறுக்கி ஒன்றைத் தங்கூசியில் (நைலான் நரம்பில்) மாட்டி, அதில் 0.80 அல்லது 0.90 மில்லிமீட்டர் தங்கூசியில் ஒரு முழம் துண்டு கட்டி, 6/0 முதல் 8/0 வரை அளவுள்ள முள்ளில் மடவையைப் பூட்டுவது. கோலை உயர்த்தி, நரம்பை இறுக்கிப் பிடித்தால் சறுக்கி தானாகவே கடலுக்குள் இறங்கும், திரும்பி வராது. மீன் ஓர் உதறல்கூட வாங்காமல் ஈயத்தின் பக்கம் போய் நீந்தத் தொடங்கும். காரிக்குக்குக் கம்பி தேவையில்லை, தங்கூசியே போதும். வஞ்சிரமும் ஷாட்டும் கடித்து அறுக்கிற மீன்கள், அவற்றுக்குக் கம்பி வேண்டும்.

மாட்டுகிற இடம்: ஓட்டம் இருக்கிற இடத்தில் மேலுதட்டில், மூக்குத் துளைக்கு முன்னால். அமைதியான தண்ணீரில் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், தோலுக்கடியில் மேலாக. ஆழமாகப் போனால் முதுகெலும்பில் பட்டுப் பாதி உடம்பு செயலிழக்கும். இரண்டு உதட்டையும் சேர்த்துக் குத்தாதீர்கள். வாய் மூடிய மீன் மூச்சுவிட முடியாது. வாளியிலிருந்து எடுத்து முள்ளில் மாட்டிக் கடலில் விடும்வரை பத்து விநாடிக்கு மேல் ஆகக்கூடாது. ஈரத் துணியால் கண்ணை மூடிப் பிடித்தால் துடிக்காது.

காரிக் வரும்போது மடவை முதலில் சொல்லிவிடும். கோல் நுனி படபடவென்று அடிக்கும், மீன் மேல்மட்டத்துக்கு வந்து துள்ளும். அப்போது நரம்பைச் சுண்டாதீர்கள். காரிக் குறுக்கே கவ்வி, அடித்து மயக்கி, பிறகுதான் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். நரம்பைத் தளரவிட்டு, நிலையாக ஓட ஆரம்பித்த பிறகு இறுக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரையைப் பாருங்கள். கோல் நுனியில் மெல்லிய துடிப்பு நின்றுபோனால் மடவை செத்திருக்கும், அல்லது ஈயத்தின் கம்பிக் காலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மிச்சம் வந்த உயிர் மடவையைப் பிடித்த தண்ணீரிலேயே விடுங்கள். உம்கேனியில் எடுத்ததை வேறு கழிமுகத்தில் விட வேண்டாம், அணைகளில் விடவே கூடாது. செத்ததை வீசாதீர்கள். உடனே நடுமுள்ளை நீக்கி, தோலோடு நீளவாக்கில் கீறி, கல்லுப்பில் புரட்டி, காகிதத்தில் சுற்றி உறையவைத்தால் கெட்டியாக இருக்கும். ஷாட்டுக்கு உறைபெட்டிச் சாளையைவிட அது முள்ளில் நெடுநேரம் நிற்கும். காற்றுக் கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பம்பைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் காயவையுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், உப்புக்காற்றில் தொடுமுனை பச்சை பூத்துவிடும்.